பிளேயரை மாற்றும் முன் கார்டை மாற்றுங்கள்

கேள்வி: எனக்குப் பார்வை முழுவதுமாகப் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டிலிருந்தே மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். ஆடியோ புத்தகம் கேட்கச் சாதாரண எம்பி3 பிளேயர் ஒன்று வாங்கினேன். அத்தியாயங்கள் முன்னும் பின்னுமாக வருகின்றன. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் புத்தகம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. பாடங்களைப் பதிவு செய்து அனுப்பலாம் என்று லேப்டாப்பில் திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏவும், ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டியும் போட்டுத் தந்தார்கள். பதிவு செய்தால் என் குரலோடு என்விடிஏ பேசுவதும் விழுகிறது. பார்வையற்றோருக்கென்றே செய்யும் பேசும் பிளேயரை வாங்க இப்போது வழியில்லை. பழைய விண்டோஸ் லேப்டாப், பழைய ஆண்ட்ராய்டு போன், இந்த பிளேயர் மூன்றும்தான் கையில் இருக்கின்றன. இவற்றை வைத்துச் சமாளிக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாக முடியும். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளில் இரண்டைப் பிளேயரை மாற்றாமல், மெமரி கார்டையும் கோப்புகளையும் கொண்டே பெரும்பாலும் தீர்க்கலாம். மூன்றாவது ஒரு செட்டிங். காசு செலவழிக்கும் முன் இவற்றைச் சரி செய்துவிடுவோம்.

முதலில் அத்தியாயம் மாறி வருவது. மலிவான பிளேயர்கள் பெரும்பாலும் கோப்பின் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. கார்டில் எந்தக் கோப்பு முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் வாசிக்கும். அதோடு, நீங்கள் மூன்றாம் அத்தியாயத்தை அழித்துவிட்டுப் பிறகு நாற்பதாம் அத்தியாயத்தை ஏற்றினால், அழித்த இடம் காலியாக இருப்பதால் நாற்பது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கணினியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், பிளேயரில் மட்டும் குழம்பும். பலர் பிளேயர் பழுது என்று தூக்கிப் போடுவது இந்த ஒரு காரணத்தால்தான்.

செய்ய வேண்டியது இது. கோப்புகளை முதலில் லேப்டாப்பிலேயே ஒரு ஃபோல்டரில் வைத்துப் பெயர் மாற்றுங்கள். 1, 2, 10 என்று வைக்காமல் 001, 002, 010 என்று மூன்று இலக்கத்தில் வையுங்கள். இல்லையென்றால் பெயர்வரிசை பார்க்கும் பிளேயரில்கூட 1க்குப் பிறகு 10 வந்து நிற்கும். பிறகு கார்டை ஃபார்மட் செய்யுங்கள். கார்டின் மேல் நின்று ஷிஃப்ட் எஃப்10 அழுத்தினால் மெனு வரும், அதில் ஃபார்மட், கோப்பு முறை ஃபேட்32. கார்டில் ஏதாவது இருந்தால் அதற்கு முன்பே நகல் எடுத்துவிடுங்கள், ஃபார்மட் எல்லாவற்றையும் துடைத்துவிடும். கடைசியாக, கோப்புகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்காமல் ஃபோல்டரை மொத்தமாக காப்பி செய்து கார்டில் ஒட்டுங்கள். தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால், காப்பி கொடுக்கும் நேரத்தில் எந்தக் கோப்பின் மேல் நிற்கிறீர்களோ அது முதலில் போய்விடக்கூடும். ஃபோல்டராகப் போனால் பெயர்வரிசையிலேயே எழுதப்படும். இன்னொரு புத்தகம் ஏற்ற வேண்டுமானால் புதிய ஃபோல்டராக ஏற்றுங்கள், பழைய ஃபோல்டருக்குள் செருக வேண்டாம்.

கார்டு 32 ஜிபி அல்லது அதற்குக் கீழ் இருக்கட்டும். 64 ஜிபி முதல் மேலே உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன, அதைப் பல மலிவு பிளேயர்கள் படிக்காது. விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டியும் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது. இடம் போதுமா என்று கவலைப்பட வேண்டாம். பேச்சுக்கு ஒற்றைத் தடமான மோனோவில், நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) தாராளம். அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 எம்பி. 32 ஜிபியில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கேட்கலாம்.

இதையெல்லாம் செய்தும் வரிசை மாறினால், உங்கள் பிளேயர் ஃபோல்டரைப் பார்க்காமல் கோப்புக்குள் எழுதியிருக்கும் டிராக் எண்ணைப் பார்க்கிறது என்று அர்த்தம். மெனுவில் ஃபோல்டர் வழியாகப் போகும் வழி இருந்தால் அதைப் பிடியுங்கள். இல்லையென்றால் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் கோப்புகளைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல்-கே அழுத்தினால் வரிசையாக எண் போட்டுத் தரும். மேக் கணினி வைத்திருப்பவர் யாராவது கார்டை நிரப்பித் தந்தால் வேறொரு தொல்லை வரும்: ஒவ்வொரு பாட்டுக்கும் நிழல் போல, புள்ளியில் தொடங்கும் ஒரு சின்னக் கோப்பும் ஏறிவிடும். பிளேயர் அதையும் பாட்டென்று நினைத்து ஒரு நொடி மௌனமாக நிற்கும், அல்லது நின்றே போகும். அவற்றை விண்டோஸில் அழித்துவிடலாம்.

அடுத்தது, விட்ட இடத்தை மறப்பது. சில பிளேயர்கள் எந்த டிராக் என்பதை மட்டும் நினைவில் வைக்கும், டிராக்குக்குள் எந்த நிமிடம் என்பதை வைக்காது. இரண்டு மணி நேரக் கோப்பை அதில் போட்டால் ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரமும் போச்சு. அதனால் கோப்பைப் பத்து நிமிடத் துண்டுகளாக நறுக்குங்கள். அப்போது அதிகபட்சம் இழப்பது பத்து நிமிடம். ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் ரெகுலர் இன்டர்வல் லேபிள்ஸ் என்பதில் இடைவெளியை 600 நொடி என்று கொடுங்கள். பிறகு பல கோப்புகளாக ஏற்றுமதி செய்யும் வழியில் லேபிள் வாரியாகப் பிரிக்கச் சொல்லி, பெயருக்கு முன்னால் எண் வரும் தேர்வை எடுங்கள். 64 கேபிபிஎஸ்ஸில் ஒவ்வொன்றும் 4.8 எம்பி அளவில் எண்ணோடு அழகாக வரிசைப்பட்டு நிற்கும். எம்பி3டைரக்ட்கட் என்ற இலவச மென்பொருளும் உண்டு. அது மறுபடி சுருக்காமல் அப்படியே வெட்டுவதால் தரம் குறையாது, வேகமும் அதிகம். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஆடாசிட்டி இருக்கிறது, அதையே பழகுங்கள்.

டிராக்கைக்கூட நினைவில் வைக்காத பிளேயராக இருந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாட்டு கேட்க வைத்துக்கொள்ளுங்கள், புத்தகத்துக்குப் பழைய போனை எடுத்துவிடலாம்.

பழைய போனை நான் மதிப்பது அதில் விட்ட இடம் தொலையாது என்பதற்காகத்தான். சிம்மை எடுத்துவிட்டு, தேவையானதை இறக்கிய பிறகு ஏரோபிளேன் மோடில் போட்டால் சார்ஜ் நெடுநேரம் நிற்கும். போன் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக், பெரும்பாலான போன்களில் இரண்டு ஒலி பட்டன்களையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் வரும். ஆடியோ புத்தகத்துக்கு வாய்ஸ் என்ற பெயரிலேயே ஒரு திறந்த மூல செயலி இருக்கிறது, ஸ்மார்ட் ஆடியோபுக் பிளேயர் என்று இன்னொன்றும் இருக்கிறது. டெய்சி (பார்வையற்றோருக்கான பேசும் புத்தக வடிவம்), இபப் (மின்னூல் வடிவம்) புத்தகங்களுக்கு டால்பின் நிறுவனத்தின் ஈசிரீடர். பாட்காஸ்ட்டுக்கு ஆன்டெனாபாட். எழுத்தாக இருப்பதைத் தமிழில் படிக்க கூகுள் பேச்சுச் சேவையில் தமிழ்க் குரல் இருக்கிறது, வைஃபை இருக்கும்போதே குரலை இறக்கிவிடுங்கள்.

போனில் எரிச்சல் தருவது தொடுதிரைதான். போர்வைக்குள் படுத்துக்கொண்டு நிறுத்த நினைக்கும்போது திரையில் பட்டனைத் தேடுவது பாடு. இதற்கு இரண்டு வழி. டாக்பேக் ஓடும்போது இரண்டு விரலால் இருமுறை தட்டினால் திரையில் எங்கே தட்டினாலும் பாட்டு நிற்கும், மறுபடி தட்டினால் ஓடும். மிகப் பழைய ஆண்ட்ராய்டிலும் மிகப் பழைய டாக்பேக்கிலும் இது வேலை செய்யாது, அதனால் முதலில் டாக்பேக்கைப் புதுப்பித்துப் பாருங்கள். இன்னொரு வழி, பட்டன் வைத்த ஒயர் ஹெட்போன். ஒரு அழுத்தில் நிற்கும், மறு அழுத்தில் ஓடும். அந்த ஒரு பட்டன் கிடைத்துவிட்டால் போனே பிளேயர் ஆகிவிடுகிறது. பாதியில் தானாக நின்றுபோனால் செயலியைக் குறை சொல்ல வேண்டாம். பேட்டரியை மிச்சப்படுத்த போன் அதை மூடியிருக்கும். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

இனி பதிவு. உங்கள் குரலோடு என்விடிஏ விழுவதற்குக் காரணம் இரண்டுதான், எது என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஹெட்போனைச் செருகிக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பதிவைத் தொடங்கி, நீங்கள் பேசாமல் அம்புக்குறி விசைகளை அழுத்தி என்விடிஏவை மட்டும் பேச வையுங்கள். நிறுத்திக் கேளுங்கள். என்விடிஏ குரல் இப்போது இல்லையென்றால், இதுவரை ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தத்தை மைக் பிடித்திருக்கிறது. ஹெட்போன் போட்டதோடு தீர்ந்தது. ஹெட்போன் போட்ட பிறகும் கணீரென்று விழுந்திருந்தால், ஆடாசிட்டி மைக்கைக் கேட்கவில்லை, கணினிக்குள் ஓடும் ஒலியையே பதிவு செய்கிறது. ஆடியோ செட்டிங்கில் பதிவுச் சாதனமாக ஸ்டீரியோ மிக்ஸ் என்றோ லூப்பேக் என்றோ இருக்கும். அதை மைக்ரோபோன் என்று மாற்றுங்கள்.

பதிவின்போது என்விடிஏ வாயை மூட வேண்டுமானால் என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்செர்ட்) எஸ் அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்துக்கும் பேச்சு முறை மாறும். பேச்சு ஆஃப் என்று வரும்போது நிறுத்துங்கள். திரும்பப் பேச வைக்க அதே விசைகள்தான். கணினி ஊமையாகிவிட்டதே என்று பதறி ரீஸ்டார்ட் செய்பவர்கள் பலர், மறந்துவிடாதீர்கள். இன்னும் வசதியான ஏற்பாடு, மலிவான யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் ஒன்று. என்விடிஏ செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய் வெளியீட்டுச் சாதனமாக அந்த அடாப்டரைக் கொடுத்தால் என்விடிஏ ஒரு வழியிலும், உங்கள் பதிவின் ஒலி இன்னொரு வழியிலும் வரும். ஒரு காதில் ஒன்று, மறு காதில் ஒன்று. எடிட் செய்யும்போது இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று ஒரு நாளில் தெரிந்துவிடும்.

புளூடூத் ஹெட்செட்டைப் பதிவுக்குத் தயவுசெய்து தவிருங்கள். அதன் மைக்கை இயக்கியதும் சாதாரண ஹெட்செட் பலவற்றில் ஒலி டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். கேட்பதற்கும் அது தாமதம்: விசையை அழுத்திய பிறகு என்விடிஏ பேச ஒரு கணம் பிந்தும், சில ஹெட்செட்டில் சொல்லின் முதல் எழுத்தே விழுங்கப்பட்டு வரும். ஒயரே நல்லது.

சத்தம் சரியான அளவில் பதிவாகிறதா என்று பார்க்க ஆடாசிட்டியில் ஒரு அளவுமானி துள்ளிக்கொண்டே இருக்கும், அது கண்ணுக்கானது. நமக்கு வேறு வழி. நீங்கள் பாடம் நடத்தும் அதே குரலில் இருபது நொடி பேசிப் பதிவு செய்யுங்கள். கண்ட்ரோல்-ஏ கொடுத்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ஆம்பிளிஃபையைத் திறங்கள். அதன் முதல் பெட்டியில் ஒரு டெசிபல் எண்ணை என்விடிஏ படிக்கும். உச்சத்தைத் தொட இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதுதான் அந்த எண். 6க்கும் 12க்கும் நடுவில் இருந்தால் அருமை. 0 என்றால் சத்தம் மேலே முட்டி உடைந்திருக்கிறது, மைக் அளவைக் குறையுங்கள். 20க்கு மேல் போனால் மைக் தூரத்தில் இருக்கிறது. எண்ணைக் கேட்டதும் எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள், எதையும் மாற்ற வேண்டாம். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், மூச்சுக்காற்று நேரே படாமல் சற்றுப் பக்கவாட்டில் மைக்கை வைத்துப் பழகினால் தினமும் ஒரே அளவு வரும்.

ஆர் அழுத்தினால் பதிவு, ஸ்பேஸ் அழுத்தினால் நிற்கும். மறுபடி ஆர் அழுத்தினால் அதே டிராக்கின் முடிவிலிருந்து தொடரும். ஷிஃப்ட்-ஆர் புதிய டிராக் தொடங்கும். அதைத் தெரியாமல் அழுத்திவிட்டால் இரண்டு பதிவும் ஒரே நேரத்தில் ஒலித்துக் குழப்பும். அப்படி ஆனால் கண்ட்ரோல்-இசட்.

நடுவில் ஒரு இருமலை வெட்டுவதை மட்டும் அடி அடியாகச் சொல்கிறேன், எல்லா எடிட்டிங்கும் அதற்குள் அடக்கம். ஸ்பேஸ் அழுத்தி ஓட விடுங்கள். இருமலுக்குச் சற்று முன்னால் இடது சதுர அடைப்புக்குறி விசையை அழுத்துங்கள், அது பி (P) எழுத்துக்கு வலப்புறம் அடுத்து இருக்கும். இருமல் முடிந்ததும் அதற்கும் அடுத்த விசை, வலது அடைப்புக்குறி. ஸ்பேஸ் அழுத்தி நிறுத்துங்கள். இப்போது மறுபடி ஸ்பேஸ் அழுத்தினால் தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் ஒலிக்கும். இருமலோடு சொல்லின் வாலும் மாட்டியிருந்தால் காதுக்குத் தெரிந்துவிடும். ஷிஃப்ட்டோடு வலது அம்புக்குறி தேர்வின் முடிவை நீட்டும், ஷிஃப்ட்டோடு இடது அம்புக்குறி தொடக்கத்தை இடப்புறம் நீட்டும். கண்ட்ரோலும் சேர்ந்தால் ஓரங்கள் உள்பக்கம் சுருங்கும்: அப்போது வலது அம்புக்குறி தொடக்கத்தையும், இடது அம்புக்குறி முடிவையும் நகர்த்தும். அடுத்தது சி விசை. வெட்டினால் எப்படிக் கேட்கும் என்று, முன்னால் இரண்டு நொடியும் பின்னால் ஒரு நொடியும் ஒட்டிக் காட்டும், எதையும் அழிக்காது. திருப்தியானால் டெலீட்.

இதில் சறுக்கும் இடம் ஜூம். பார்வையுள்ளவர்களுக்குப் படம் பெரிதாவது, நமக்கு அம்புக்குறி நகரும் அடியின் அளவு. திரை விரிந்திருந்தால் ஒரு அழுத்தில் இம்மியளவு நகரும், சுருங்கியிருந்தால் பல நொடி தாவிவிடும். அம்புக்குறி திடீரென்று மாறி நடந்தால் கண்ட்ரோல்-2 அழுத்தி இயல்புக்குக் கொண்டுவாருங்கள். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் கண்ட்ரோல்-1, பரவலாக வேண்டுமானால் கண்ட்ரோல்-3.

மின்விசிறி இரைச்சல் இருந்தால் பதிவின் தொடக்கத்தில் இரண்டு நொடி பேசாமல் இருங்கள். பிறகு அந்த இரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷனில் இரைச்சல் மாதிரியை எடுத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அதே எஃபெக்டை மறுபடி திறந்து செயல்படுத்துங்கள். 6 முதல் 9 டெசிபல் போதும். அதிகம் போட்டால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடும். மின்விசிறியை அணைத்துவிட்டுப் பதிவு செய்வது இதையெல்லாம்விட மேல்.

மாணவர்களுக்கு அனுப்ப கண்ட்ரோல்-ஷிஃப்ட்-இ, எம்பி3, மோனோ, 64 கேபிபிஎஸ். கண்ட்ரோல்-எஸ் கொடுத்தால் சேமிப்பது ஆடாசிட்டியின் சொந்தப் புராஜெக்ட் கோப்பு, அதை அனுப்பினால் மாணவர்களுடைய போனில் திறக்காது. முதல் மாதம் எல்லோரும் செய்யும் பிழை இது.

பல டிராக், இசைச் சேர்ப்பு என்று பின்னால் விரிந்தால் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இருக்கிறது. 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். ஒசாரா என்ற இலவச இணைப்பைப் போட்டால்தான் திரைவாசிப்பான்களோடு சரியாகப் பேசும், எஃப்12 அழுத்தினால் எந்த விசை என்ன செய்யும் என்று சொல்லித்தரும். பாடம் பதிவு செய்ய மட்டும் என்றால் இப்போதைக்கு அது வேண்டாம்.

பிளேயர் விஷயத்துக்கு ஒரு சொல். பழைய பிளேயர் யாரிடமாவது சும்மா கிடந்தால் மாடலைக் கேட்டுப் பாருங்கள். சான்டிஸ்க் சான்சா கிளிப் பிளஸ், கிளிப் ஜிப், பழைய ஐபாட் கிளாசிக் போன்றவற்றில் ராக்பாக்ஸ் என்ற இலவச ஃபர்ம்வேரை (பிளேயரை இயக்கும் மென்பொருள்) ஏற்றலாம். அதன்பின் மெனு பேசும், விட்ட இடத்தை புக்மார்க்காக வைத்துக்கொள்ளும். கிளிப் ஜாம், கிளிப் ஸ்போர்ட் போன்றவற்றில் ஏறாது, பெயர் ஒத்திருக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். ஏற்றும் முன் கிளிப் பிளஸின் யூஎஸ்பி முறையை எம்டிபியிலிருந்து எம்எஸ்சிக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் நிறுவி கண்டுபிடிக்காது. அந்த மெனு பேசாது, ஒருமுறை மட்டும் கண்ணுள்ளவர் உதவி தேவை. நிறுவும்போதே ராக்பாக்ஸ் யூட்டிலிட்டியில் குரல் கோப்பையும் சேர்த்துப் போடுங்கள். பிறகு செட்டிங்ஸில் புக்மார்க் பகுதியில், நிறுத்தும்போது புக்மார்க் போடு என்பதையும் கடைசி புக்மார்க்கை ஏற்று என்பதையும் இயக்குங்கள். கோப்புப் பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்தால் ராக்பாக்ஸால் எழுத்துக்கூட்ட முடியாது, எண்ணும் ஆங்கில எழுத்துமாக வையுங்கள்.

புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றால் கையில் எடுத்து, ஓட விட்டு, இரண்டு நிமிடம் கழித்து அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். விட்ட இடத்தில் தொடர்கிறதா? விரலுக்குப் பிரித்தறியும் பட்டன்கள் இருக்கின்றனவா, ஒலி கூட்டக் குறைக்கத் தனி பட்டன் உண்டா? இவை இல்லாமல் திரை எவ்வளவு பெரிதாக இருந்தும் நமக்கு என்ன பயன்? எல்லா பட்டனும் ஒரே மாதிரி வழவழவென்றிருந்தால் பிளே பட்டன் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்துக் காய விடுங்கள், காய்ந்ததும் மேடாகத் தட்டுப்படும்.

பேசும் டெய்சி பிளேயர் பின்னாளில் கைக்கு வந்தால், அதன் அருமை தலைப்பு வாரியாகத் தாவுவதில் இருக்கிறது. விக்டர் ரீடர் ஸ்ட்ரீமில் 2, 8 விசைகள் பாகமா, அத்தியாயமா என்று நிலையைத் தேர்ந்தெடுக்கும், 4, 6 விசைகள் அந்த நிலையில் பின்னும் முன்னும் போகும். பாடப்புத்தகம் படிப்பவருக்கு அது பெரிய வரம், தொடர்ச்சியாகக் கேட்கும் கதைக்கு அவ்வளவு அவசியமில்லை. டெய்சி புத்தகத்தை ஏற்றும்போது ஜிப்பைப் பிரித்து, ஃபோல்டரை முழுசாக ஏற்றுங்கள். உள்ளே இருக்கும் எம்பி3க்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் தலைப்புகளைச் சொல்லும் சின்னக் கோப்புகள் விட்டுப்போய், அது வெறும் பாட்டுக்கோப்பாகிவிடும். பிளேயர் இல்லாமலே டெய்சி கேட்க லேப்டாப்பில் தோரியம் ரீடர் இலவசம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் வாரம் கார்டையும், ஹெட்போன் சோதனையையும் முடியுங்கள். ஆம்பிளிஃபை பெட்டியில் என்ன எண் வருகிறது, பிளேயரின் மாடல் பெயர் என்ன என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.